தோட்டப் பாடசாலையில் ஆபிரிக்கா: உடப்புசல்லாவையை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

நுவரெலியாவிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் பாதை கந்தப்பளை, இராகலை ஆகிய இடங்களைக் கடந்து உடப்புசல்லாவையை அடைகின்றது. நானு ஓயாவிலிருந்து இராகலை வரை ஒடுங்கிய புகையிரதப் பாதை ஒன்று 1903, 1904 ஆம் ஆண்டுகளில் திறக்கப்பட்டது. இப்பகுதித் தோட்டங்களின் தேயிலையை இறக்குவதும் அரிசியையும் பிற பண்டங்களையும் ஏற்றுவதுமே அதன் முதன்மைப் பணியாக இருந்தமையால் உடப்புசல்லாவைப் புகையிரதப் பாதை என்றே அது பெயர் பெற்றது. 1940களில் அப்பாதை கைவிடப்பட்டது. எனினும் தேயிலை நிலைத்தது. இலங்கைத் தேயிலையின் ஏழு பிரதேசங்களுள் ஒன்றாக உடப்புசல்லாவை இன்று வகுத்துக் கூறப்படுகின்றது. லிடெஸ்டேல் போன்ற ஸ்கொத்லாந்துப் பெயர்களைத் தாங்கிய தோட்டங்களும், அவற்றின் லயங்களும், லயங்களை அடுத்த பாடசாலைகளும் இங்கு வாழும் மக்களின் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட உழைப்பிற்குச் சான்றாக நிற்கின்றன.

இத்தகைய தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆபிரிக்கப் பண்பாடுகளைக் கற்பிக்க விழையும் ஆசிரியர் எங்கிருந்து தொடங்குவார்? ஆபிரிக்கா என்றதும் காடும் விலங்கும் பஞ்சமுமே மாணவர் உள்ளத்தில் முதலிற் தோன்றுகின்றன. பழைய எகிப்தின் கூர்நுதிக் கோபுரங்களைக் கற்ற மாணவரும் அவற்றை ஆபிரிக்காவிற்கு உரியனவாக எண்ணுவது அரிது. தமிழிற் கிடைக்கும் துணைநூல்களோ மிகச் சில. இந்நிலையில் ஆபிரிக்காவைத் தொலைதூர விந்தையாக அறிமுகஞ் செய்வது எளிது. ஆனால் அது பயன் தராது. தோட்டத்தின் சொந்த வரலாற்றிலேயே ஆபிரிக்கா உறைந்து கிடக்கின்றது. அதனை வெளிக்கொணர்வதே ஆசிரியர்க்கு ஏற்ற வழி என்பதை எடுத்துக்காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோப்பியின் வழி

மலையகத் தோட்டங்களின் முதற்பயிர் தேயிலையன்று, கோப்பியே என்பதை மாணவர் அறிவர். அக்கோப்பியின் தாயகம் எதியோப்பியாவின் மேட்டு நிலம் என்பதை அறிந்தோர் குறைவு. அங்கிருந்து அது செங்கடலைக் கடந்து யேமன் நாட்டிற்குச் சென்று, அராபியர் வழியே உலகெங்கும் பரவியது. தன் ஆடுகள் சிவந்த பழங்களைத் தின்று துள்ளியதைக் கண்டு கோப்பியின் இயல்பை உணர்ந்த இடையன் ஒருவனைப் பற்றிய கதை எதியோப்பியாவோடு தொடர்புறுத்தி வழங்குகின்றது. இது கதையேயன்றி வரலாறன்று. ஆயினும் கதைக்கும் வரலாற்றிற்கும் உள்ள வேறுபாட்டைக் கற்பிப்பதற்கே அது உதவும். எதியோப்பிய இல்லங்களில் விருந்தினர் முன்னிலையில் கோப்பிக் கொட்டையை வறுத்து, இடித்து, காய்ச்சி, மும்முறை பரிமாறுதல் ஒரு சடங்காகவே போற்றப்படுகின்றது. வீட்டிற்கு வந்தவரைச் சாயத்தண்ணீர் கொடாமல் அனுப்பாத லயத்துப் பிள்ளைக்கு இப்பண்பாடு அந்நியமாகத் தோன்றாது.

இனி, கோப்பி மலையகத்திற் பெருந்தோட்டப் பயிரான வரலாற்றை நோக்குவோம். கம்பளைக்கு அண்மையில் ஜோர்ஜ் பேர்ட் 1820களில் கோப்பித் தோட்டம் அமைத்தார். எனினும் கோப்பியின் பெரும் எழுச்சி 1830களின் பிற்பகுதியிலேயே தொடங்கியது. அதற்குரிய காரணங்களுள் முதன்மையானது மேற்கிந்தியத் தீவுகளில் நிகழ்ந்த மாற்றமாகும். பிரித்தானியப் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833 இல் நிறைவேறி 1834 ஆகஸ்ட் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. 'பயிலுநர்' என்ற பெயரில் நீடித்த கட்டாய உழைப்பும் 1838 இல் முடிவுற்றது. விடுதலை பெற்ற ஆபிரிக்க வம்சாவளியினர் பலர் பழைய எசமானரின் தோட்டங்களில் உழைக்க விரும்பவில்லை. யமேக்காவின் கோப்பி உற்பத்தி வீழ்ந்தது. 1835 இல் கீழைத்தேயக் கோப்பிக்கும் மேற்கிந்தியக் கோப்பிக்கும் பிரித்தானியா ஒரே இறக்குமதித் தீர்வையை விதித்தது. மூலதனம் இலங்கை மலைகளை நாடியது.

மூலதனத்தோடு நடுகை முறையும் வந்தது. யமேக்காவிற் பயின்ற றொபேட் பொய்ட் டைட்லர் 1837 இல் இலங்கைக்கு வந்து மேற்கிந்திய முறையை இங்கு பரப்பினார். சான் டொமிங்கோவிற் கோப்பித் தோட்டம் நடத்திய லபோரி என்பார் 1798 இல் இலண்டனில் வெளியிட்ட நூலை இலங்கைத் துரைமார் கைந்நூலாகக் கொண்டனர். சான் டொமிங்கோ என்பது இன்றைய ஹெயிற்றி ஆகும். 1791 இல் அங்கு அடிமைகள் கிளர்ந்தெழுந்து, 1804 இல் சுதந்திர நாட்டை நிறுவினர் என்பது உலக வரலாற்றில் ஒப்பற்ற நிகழ்ச்சியாகும். லபோரியின் நூல் கூறும் நாற்றுமேடை, நிரை, கத்தரிப்பு, களையெடுப்பு ஆகிய யாவும் ஆபிரிக்க அடிமைகளின் கைகளாற் செய்யப்பட்டவை. ஆகவே உடப்புசல்லாவையின் மலைச்சரிவில் முதன்முதல் வெட்டப்பட்ட நிரையின் ஒழுங்கு, ஆபிரிக்க மக்களின் உழைப்பிற் பிறந்த ஒழுங்கேயாகும்.

இங்கு ஒரு குறை நோக்கற்பாலது. யமேக்காவின் நடுகை முறை இலங்கைக்கு வந்தது. அதனை உழைத்து உருவாக்கிய மக்களின் கதை வரவில்லை. கானா நாட்டின் அக்கான் மக்கள் கூறும் அனான்சி என்னும் தந்திரச் சிலந்தியின் கதைகள் அடிமைக் கப்பல்களில் ஏறி யமேக்காவைச் சேர்ந்தன. வலியோரை மதியால் வெல்லும் எளியோனின் கதைகள் அவை. நரியாரின் சூழ்ச்சிகளையும் தெனாலிராமனின் சாதுரியத்தையும் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அனான்சியை அறிமுகஞ் செய்தல் கடினமன்று. துரைமார் கொண்டுவராது விட்டதைக் கொண்டுவருதல் ஆசிரியரின் பணியாகின்றது.

தீவின் ஆபிரிக்கர்

ஆபிரிக்காவிற்கும் இலங்கைக்கும் உள்ள தொடர்பு தோட்டங்களுக்கு மிக முற்பட்டது. ஆறாம் நூற்றாண்டில் எழுதிய கொஸ்மஸ், எதியோப்பியப் பகுதியிலிருந்தும் கப்பல்கள் இத்தீவிற்கு வந்தமையைக் குறிப்பிடுகின்றார். அக்சும் அரசின் துறைமுகமான அதூலிசு நகரத்தவருடன் சோபத்தர் என்ற வணிகர் இங்கு வந்து அரசனைக் கண்ட செய்தியும் அவர் நூலில் உள்ளது. 1344 இல் இத்தீவிற்கு வந்த மொறோக்கோ நாட்டுப் பயணி இபன் பதூதா, கொழும்பில் அதிகாரஞ் செலுத்திய ஜாலஸ்தி என்பவரிடம் ஏறத்தாழ ஐந்நூறு அபிசீனியர் இருந்தனர் என எழுதியுள்ளார். ஆபிரிக்கர் இங்கு வணிகராகவும் பயணியாகவும் வீரராகவும் வந்தனர் என்பதை இச்சான்றுகள் காட்டுகின்றன. அடிமைகளாக மட்டுமே அவர்கள் வரலாற்றில் இடம்பெற்றனர் என்ற எண்ணத்தை இவை திருத்தும்.

போர்த்துக்கேயர் காலந்தொட்டு ஆபிரிக்கர் அடிமைகளாகவும் படைவீரராகவும் பெருந்தொகையாகக் கொண்டுவரப்பட்டனர். ஒல்லாந்தர் காலத்தில் அடிமைகள் அடைத்து வைக்கப்பட்ட பகுதியே கொழும்பின் கொம்பனித்தெரு ஆகும். அதன் பழைய ஆங்கிலப் பெயர் 'அடிமைத் தீவு' எனப் பொருள்படும். கண்டி அரசரும் ஆபிரிக்கரைச் சேவையில் அமர்த்தினர். இரண்டாம் இராசசிங்கனின் மெய்காவலிற் காப்பிரியர் நின்றமையை றொபேட் நொக்ஸ் 1681 இல் வெளியிட்ட நூலிற் குறிப்பிட்டுள்ளார். பிரித்தானியரும் ஆபிரிக்கரைக் கொண்ட படையணியை அமைத்தனர். பின்னர் அவர்களுட் பலர் மலைப்பாதைகளை அமைக்கும் வேலையில் ஈடுபடுத்தப்பட்டனர். 1859 இல் வெளிவந்த எமர்சன் டெனன்ட்டின் நூல் இதற்குச் சான்று பகரும். தென்னிந்தியாவிலிருந்து மன்னார் வழியாக நடந்து மாத்தளையையும் கண்டியையும் அடைந்த தமிழ்த் தொழிலாளர், அவற்றிற்கு அப்பாலுள்ள தோட்டங்களை நோக்கி ஏறிய மலைப்பாதைகளில் ஆபிரிக்கரின் வியர்வையும் கலந்துள்ளது.

அவர்களின் வழித்தோன்றல்கள் புத்தளத்தை அடுத்த சிரம்பியடி முதலிய இடங்களில் இன்றும் வாழ்கின்றனர். தொகையிற் சிறிய இச்சமூகத்தினரின் முன்னோர் போர்த்துக்கேயக் கலப்புமொழியைப் பேசினர். இன்று அம்மொழி பெரும்பாலும் அவர்களின் பாடல்களிலேயே எஞ்சியுள்ளது. மஞ்ஞா எனப்படும் அப்பாடல்கள் மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாக விரைவுறுவன. பறையோடு தேங்காய்ச் சிரட்டை, கண்ணாடிப் போத்தல், கரண்டி முதலியனவும் அவற்றிற்குத் தாளக் கருவிகளாகின்றன. திருமண வீடுகளிலும் சுற்றுலாப் பேருந்துகளிலும் இந்நாட்டு மக்கள் யாவரும் கைதட்டி மகிழும் பைலா இசையின் வேர்களுள் ஒன்று இச்சமூகத்தினரின் இசையே. ஆபிரிக்கப் பண்பாட்டின் ஒரு கூறு மாணவரின் செவியில் ஏற்கனவே ஒலித்துக்கொண்டிருக்கின்றது. அதன் பெயரை மட்டுமே ஆசிரியர் கூறவேண்டும்.

இவ்விடத்தில் ஆசிரியர் தவிர்க்கவொண்ணாத ஒரு சொல் எதிர்ப்படும். கறுத்த நிறமும் சுருண்ட முடியும் உடைய பிள்ளையைக் 'காப்பிலி' என்று கேலி செய்யும் வழக்கு தமிழ்ப் பிள்ளைகளிடையே உண்டு. அராபிய மொழியில் இறைமறுப்பாளரைக் குறித்த சொல், கிழக்காபிரிக்கக் கரையில் முஸ்லிம் அல்லாத ஆபிரிக்கருக்கு வழங்கி, போர்த்துக்கேயர் வாயிலாக இந்நாட்டை அடைந்தது. தென்னாபிரிக்காவில் அச்சொல் இன்று சட்டத்தால் தண்டிக்கத்தக்க இழிசொல். இலங்கையிலோ அச்சமூகத்தினர் அதனைத் தம் இனப்பெயராகவே ஏற்று வாழ்கின்றனர். ஒரே சொல் ஓரிடத்திற் பெயராகவும் மற்றோரிடத்தில் வசையாகவும் நிற்பதன் காரணத்தை மாணவர் ஆராயலாம். 'தோட்டக்காட்டான்', 'கள்ளத்தோணி' என்று பிறரால் இகழப்பட்ட மக்களின் பிள்ளைகள், அதே இகழ்ச்சியை வேறொரு பெயரால் இன்னொருவர்மீது எறிவதன் பொருளை உணர்வது இப்பாடத்தின் மிக முக்கிய பயனாகும்.

கடல் கடந்த உறவினர்

தமிழ்த் தொழிலாளர் இலங்கைக்கு மட்டுமே செல்லவில்லை. அடிமை முறை ஒழிந்ததும் மொறீசியஸ் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு 1834 முதல் இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றனர். நேட்டாலுக்குச் சென்ற முதற்கப்பலான துறூரோ, சென்னையிலிருந்து புறப்பட்டு 342 பேருடன் 1860 நவம்பர் 16 ஆந் திகதி டேர்பனை அடைந்தது. 1911 இல் அம்முறை நிறுத்தப்படும்வரை ஏறத்தாழ 152,000 பேர் நேட்டாலுக்குச் சென்றனர். இலங்கையிற் கங்காணி முறையும் துண்டு முறையும் நிலவின. அங்கு ஐந்தாண்டு ஒப்பந்தம் நிலவியது. முறைகள் வேறாயினும் பிறப்பிடமும் வறுமையும் கடனும் ஒன்றே. மொறீசியஸ் நாட்டின் நாணயத்தாள்களிற் தமிழெழுத்து இன்றும் பொறிக்கப்படுகின்றது. அந்நாடு ஆபிரிக்க ஒன்றியத்தின் உறுப்பு நாடு என்பதை ஆசிரியர் சேர்த்துக் கூறுவாராயின், ஆபிரிக்காவிற் தமிழுக்கும் இடமுண்டு என்பது மாணவர்க்குப் புலப்படும்.

ஜொஹனஸ்பேர்க்கிற் பிறந்த தில்லையாடி வள்ளியம்மை 1913 ஆம் ஆண்டின் சத்தியாக்கிரகத்திற் சிறை சென்று, 1914 பெப்ரவரியில் இளவயதிலேயே உயிர்நீத்த வரலாறு தமிழ் மாணவர் பலரும் அறிந்ததே. ஆனால் அவ்வரலாற்றை ஆபிரிக்க மண்ணின் பெரும்பான்மை மக்களை மறந்து கூறுதல் முறையாகாது. நேட்டாலில் ஆபிரிக்கரைக் குறித்த அச்சொல்லும் இந்தியரைக் குறித்த 'கூலி' என்ற சொல்லும் வெள்ளையர் வாயில் அருகருகே வழங்கின. இருந்தும் இந்தியர் தம்மை ஆபிரிக்கரினும் மேலோராகக் கருதிய நிலையும் இருந்தது. காந்தியடிகளின் தொடக்ககால எழுத்துக்களிலும் அம்மனப்பான்மை காணப்படுகின்றது. 1949 இல் டேர்பனில் இரு சமூகங்களுக்குமிடையே மூண்ட கலவரத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மறுபுறம், 1947 மார்ச்சில் மருத்துவர்களான சூமா, நாயக்கர், தாதூ ஆகிய மூவரும் ஆபிரிக்க, இந்தியக் காங்கிரசுகளின் சார்பிற் கைச்சாத்திட்ட உடன்பாடு இனவொதுக்கலுக்கு எதிரான கூட்டுப் போராட்டத்திற்கு அடித்தளமாயிற்று. பகையும் உறவும் ஆகிய இரண்டையும் மறையாது கூறுவதே வரலாற்றாசிரியரின் நேர்மை.

வாய்மொழியும் வரலாறும்

ஆபிரிக்காவிடமிருந்து தோட்டப் பாடசாலை கற்கக்கூடிய ஆழமான பாடம் வரலாற்று முறை பற்றியது. எழுத்தாவணம் இல்லாத ஆபிரிக்கச் சமூகங்களுக்கு வரலாறே இல்லை என்ற கருத்து மேனாட்டறிஞர் சிலரிடையே 1960களிலும் நிலவியது. திம்புக்துவின் கையெழுத்துச் சுவடிகளும், பெனின் நாட்டு வெண்கல வார்ப்புகளும், சிம்பாப்வேயின் கற்கோட்டைகளும் அக்கருத்திற்கு மறுப்பாக நின்றன. அவற்றோடு வாய்மொழி மரபையும் ஆய்வுச் சான்றாக ஏற்கும் முறையை யான் வன்சினா முதலிய அறிஞர் வகுத்தனர். 1964 இல் யுனெஸ்கோ தீர்மானித்து, பின்னர் எட்டுத் தொகுதிகளாக வெளியிட்ட ஆபிரிக்காவின் பொது வரலாறு இம்முறையைப் பெரிதும் கைக்கொண்டது.

மேற்காபிரிக்க மாலி நாட்டின் பாடகர் குலத்தினர் மன்னன் சுந்தியாத்தாவின் வரலாற்றைத் தலைமுறை தலைமுறையாகப் பாடி வந்துள்ளனர். இருபத்தொரு நரம்புகளையுடைய கோறா அவர்களின் இசைக்கருவிகளுள் ஒன்று. அவர்களின் கலை பிறப்புவழி வருவது. அவர்கள் போற்றவும் படுவர், தனிக்குலமாக ஒதுக்கியும் வைக்கப்படுவர். மலையகத்திற் தப்படிக்கும் கலைஞரின் நிலையை இதனோடு ஒப்பிட்டு நோக்கலாம். விடியற்காலையில் தொழிலாளரைப் பிரட்டுக்கு அழைத்ததும், மரணத்தை அறிவித்ததும், காமன் கூத்திற்கும் திருவிழாவிற்கும் உயிரூட்டியதும் தப்பேயாகும். ஆயினும் அதனை இசைத்தவர் சாதியின் பெயராற் தாழ்த்தப்பட்டனர். யொருபா மக்களின் பேசும் பறை அவர்தம் மொழியின் ஏற்றவிறக்க ஒலியையே தோலில் எழுப்பிச் சொற்களை உணர்த்துவது. தப்போ அடியின் வேறுபாட்டால் நிகழ்ச்சியை உணர்த்துவது. இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டி இரண்டையும் ஒப்பிடும்போது, தம் தோட்டத்துத் தப்பும் ஆராயத்தக்க கலை என்பது மாணவர்க்கு விளங்கும்.

மலையக மக்களுக்கும் நெடுங்காலம் வரலாறு இல்லையெனக் கருதப்பட்டது. துரைமாரின் கணக்கேடுகளில் அவர்கள் எண்ணிக்கையாக மட்டுமே இருந்தனர். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. அத்தகைய மக்களின் உள்ளத்தை அவர்தம் பாடல்களிற் தேடியவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1947 இற் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினரான அவர், தொழிற்சங்கப் பணியோடு நாட்டார் பாடல்களையும் திரட்டினார். அவருடைய 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1987 இல், அவர் மறைந்த பின்னர் நூலாகியது. மாலியின் பாடகர் செய்ததையும் வன்சினா விளக்கியதையும் அறிந்த மாணவர், தம் பாட்டியின் தாலாட்டையும் ஒப்பாரியையும் வேறு செவியோடு கேட்பர்.

ஆசிரியர்க்கு வேண்டுவன

தோட்டப் பாடசாலையின் வரலாறு ஆசிரியரின் தனிமையின் வரலாறாகும். 1907 ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைச் சட்டம் ஆறு முதற் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குக் கல்வியளிக்கும் கடமையைத் தோட்டத் துரைமார்மீது சுமத்தியது. நடைமுறையில், ஓராசிரியர் ஒரு கொட்டகையில் எல்லா வகுப்புகளையும் நடத்தும் நிலையே பல தோட்டங்களில் நீடித்தது. 1970களின் பிற்பகுதி முதல் அரசு இப்பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. 1980களிற் சுவீடன் நாட்டின் உதவியும், பின்னர் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியின் தோற்றமும் மலையகத்திலிருந்தே ஆசிரியர் உருவாக வழிசெய்தன. ஆசிரியப் பயிற்சியில் உலகப் பண்பாடுகளுக்கு இடமளிக்கும்போது, மேற்கூறிய உள்ளூர்த் தொடர்புகளையும் பாடப்பொருளாக்குதல் வேண்டும்.

இதற்குப் பெரும் செலவு தேவையில்லை. எதியோப்பியா, யமேக்கா, நேட்டால், மொறீசியஸ், மன்னார், உடப்புசல்லாவை ஆகிய இடங்களைக் கோட்டால் இணைத்த உலகப்படம் ஒன்றே பல பாடங்களுக்குப் போதுமானது. 1970களிலும் 1980களிலும் நைஜீரியா, சாம்பியா முதலிய நாடுகளிற் கற்பித்துத் திரும்பிய இலங்கைத் தமிழ் ஆசிரியர் பலர். அவர்தம் அனுபவங்களைத் திரட்டி மாணவர்க்கேற்ற சிறு நூல்களாக்கலாம். நைஜீரியாவிற் பணியாற்றிய ஈழத்தவரான என். கே. மகாலிங்கம், சினுவா அச்செபேயின் 1958 ஆம் ஆண்டு நாவலைச் 'சிதைவுகள்' எனத் தமிழாக்கியமை இத்தகைய பணிக்கு நல்ல முன்மாதிரியாகும். தேயிலையும் ஒரு பாடமாகலாம். கென்யாவில் 1903 இல் லிமுறுவில் முதன்முதல் நடப்பட்ட தேயிலை இன்று இலங்கைத் தேயிலைக்கு உலகச் சந்தையிற் போட்டியாக நிற்கின்றது. கெரிச்சோவிற் கொழுந்து பறிக்கும் பெண்ணின் நாட்கூலியையும் உடப்புசல்லாவைப் பெண்ணின் நாட்கூலியையும் ஒப்பிடும் கணக்கு, இருவரையும் போட்டியாளராகவன்றி ஒரே தொழிலின் இரு முனைகளில் நிற்போராகக் காட்டும்.

எச்சரிக்கை ஒன்றும் வேண்டும். ஆபிரிக்கா ஒரு நாடன்று. ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகளையும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மொழிகளையும் கொண்ட கண்டம். அக்கான் கதையையும் எதியோப்பியச் சடங்கையும் மாலியின் பாட்டையும் ஒன்றாகக் கலந்து 'ஆபிரிக்கப் பண்பாடு' என ஒருமையிற் கூறுதல், யாழ்ப்பாணத்தையும் மட்டக்களப்பையும் மலையகத்தையும் வேறுபாடின்றி ஒன்றெனக் கூறுவதை ஒக்கும். அடிமைத்தனத்தை மட்டும் கூறி முடித்தலும் தவறே. துன்பத்தால் மட்டும் அறியப்படுவதன் இழப்பை மலையக மக்கள் நன்கறிவர். கண்ணீரின் கதையாகவே தம் வாழ்வு எழுதப்படுவதை விரும்பாதவர், பிறர் வாழ்வையும் அவ்வாறு எழுதலாகாது.

எனவே, தோட்டப் பாடசாலையில் ஆபிரிக்காவைக் கற்பித்தல் பாடத்திட்டத்திற்கு அப்பாற்பட்ட அலங்காரமன்று. கோப்பியின் பிறப்பும் நிரையின் ஒழுங்கும் பாதையின் அமைப்பும் தோட்டத்தின் வரலாறே. அவற்றிற்குரிய மக்களை நீக்கிய வரலாறு குறைபட்ட வரலாறாகும். அம்மக்களைப் பெயரோடும் பாட்டோடும் வகுப்பறைக்குள் அழைக்கும் ஆசிரியர், தம் மாணவரின் முன்னோரையும் அதே மதிப்போடு வரலாற்றில் அமர்த்தியவராவார்.